பிஎஸ்6 டீசல் கார் வச்சிருக்கீங்களா? டிபிஎஃப்ப கவனிங்க
2020 ஏப்ரலுக்கு அப்புறம் வித்த புது டீசல் கார் எல்லாமே பிஎஸ்6 தான், அதாவது புகைய கட்டுப்படுத்துற அரசு விதிப்படி செஞ்சது, சைலன்சர் லைன்ல டிபிஎஃப்னு ஒரு ஃபில்டர் இருக்கும், எஞ்சின் விடுற கரிய அதுதான் புடிச்சு வைக்கும். புடிச்சத அப்பப்போ எரிச்சாகணும், அதுக்கு சுமார் 600 டிகிரி சூடு வேணும், வேளச்சேரி டிராஃபிக்ல ரெண்டாவது கியர்லயே ஊர்ந்துட்டு இருந்தா அவ்ளோ சூடு எங்கருந்து வரும்? அதனால வாரம் ஒரு தடவையாவது பைபாஸ்ல ஏத்தி 60க்கு மேல ஒரு 20 நிமிஷம் நிக்காம ஓட்டுங்க.

வண்டி நிக்கும்போது எஞ்சின் சுத்துற வேகம் (ஐடில் ஆர்பிஎம்) லேசா ஏறி, ஃபேன் சத்தமா ஓடி, எரிஞ்ச வாடை அடிச்சா உள்ள கரி எரியுதுன்னு அர்த்தம், அப்போ மட்டும் எஞ்சின ஆஃப் பண்ணாதீங்க, அடிக்கடி பாதியில நிறுத்துனா எரியாத டீசல் எஞ்சின் ஆயில்ல போய் கலக்கும். காஞ்ச புல்லு மேல நிறுத்தவும் வேணாம்.

ஆயில் மாத்துறப்போ மேனுவல்ல போட்டிருக்கற லோ ஆஷ் ஆயில் (எரிஞ்சா சாம்பல் கம்மியா விடுறது) தான், விலை ஜாஸ்தின்னு வேற எதையாவது ஊத்துனா சாம்பல் ஃபில்டர்லயே தங்கிடும், அது எரியவே எரியாது. டிபிஎஃப் லைட் வந்தா தள்ளிப்போடாதீங்க. "டிபிஎஃப்ப கழட்டிட்டா மைலேஜ் வரும் சார்"னு சொல்ற ஆளுக்கு ஒரு கும்பிடு போட்டுட்டு கிளம்புங்க, பின்னாடி வர்ற பைக்காரர் மூஞ்சில தான் அவ்ளோ கரியும் போகும்.