விலங்குப் பொருள்களை இறக்குமதி செய்வது எப்படி? கப்பல் கிளம்பும் முன்பே முடிக்க வேண்டிய வேலைகள்

தெற்காசியாவிலிருந்து பிரேசிலுக்குக் கொண்டு செல்லப்பட்ட மாடுகள் 1920ஆம் ஆண்டு வழியில் ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் இறக்கப்பட்டன. அவற்றிடமிருந்து பெல்ஜியத்தில் மாடுகளைக் கொல்லும் வெக்கை நோய் பரவியது. இன்று உலக விலங்கு சுகாதார அமைப்பு எனப்படும் நிறுவனம் 1924இல் பாரிசில் தொடங்கப்பட்டதற்கு அந்தப் பேரிழப்பே காரணம். இறைச்சி, பால்பொருள், முட்டை, தேன், தோல் என எதை இறக்குமதி செய்தாலும் எல்லையில் அதிகாரிகள் முதலில் தேடுவது நோயைத்தான் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், விதிகளின் காரணம் எளிதில் விளங்கும்.

முதல் படி, பொருளைத் துல்லியமாக வரையறுப்பது. சுங்கத் துறை பொருள்களை வகைப்படுத்தப் பயன்படுத்தும் எச்.எஸ். குறியீட்டில் இறைச்சி 2ஆம் அத்தியாயத்திலும், பால், முட்டை, தேன் ஆகியவை 4ஆம் அத்தியாயத்திலும், பதப்படுத்திய இறைச்சி 16ஆம் அத்தியாயத்திலும், பச்சைத் தோல் 41ஆம் அத்தியாயத்திலும் வருகின்றன. எந்த விலங்கு, பச்சையா வேகவைத்ததா, எலும்புடனா எலும்பில்லாமலா என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். வெட்டிய பின் சில காலம் வைத்து மாட்டிறைச்சியை முறையாக முதிரவிடும்போது தசையின் அமிலத்தன்மை கூடி, அதிலுள்ள கோமாரி வைரஸ் அழிந்துவிடுகிறது. ஆனால் எலும்பு மஜ்ஜையிலும் நிணநீர் முடிச்சுகளிலும் அது பிழைத்திருக்கும். எலும்பு நீக்கிய இறைச்சிக்குக் கிடைக்கும் அனுமதி எலும்புள்ள இறைச்சிக்குப் பல இடங்களில் கிடைக்காததற்கு இதுதான் காரணம்.

அடுத்து, ஏற்றுமதி செய்யும் நாடும், சரக்கைத் தயாரிக்கும் ஆலையும் உங்கள் அரசின் அங்கீகாரப் பட்டியலில் உள்ளனவா என்று பாருங்கள். எங்காவது நோய் வெடித்தால் அந்தப் பட்டியல் ஒரே நாளில் மாறக்கூடும். ஆகவே ஒப்பந்தம் போடும் நாளில் ஒருமுறையும், சரக்கு ஏற்றும் நாளில் மறுமுறையும் சரிபார்ப்பது அவசியம்.

இறக்குமதி அனுமதி தேவையெனில், அதைக் கையில் வாங்கிய பிறகே சரக்கை ஏற்றச் சொல்லுங்கள். அதிலுள்ள நிபந்தனைகளை ஏற்றுமதியாளருக்கு அப்படியே அனுப்பிவிடுங்கள். அவற்றை நிறைவேற்றியதற்கான கால்நடை சுகாதாரச் சான்றிதழை அந்நாட்டு அரசின் அதிகாரபூர்வ கால்நடை மருத்துவர்தான் வழங்க வேண்டும். ஆலை தானாக எழுதித் தரும் கடிதம் செல்லாது.

புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இந்தச் சான்றிதழ்தான். அதன் வரைவை முன்கூட்டியே கேட்டு வாங்கி, கன்டெய்னர் எண், சீல் எண், ஆலையின் அங்கீகார எண், பெட்டிகளின் எண்ணிக்கை, நிகர எடை ஆகியவற்றை விரல் வைத்து ஒவ்வோர் இலக்கமாகப் படியுங்கள். சீல் எண்ணில் 6 இருக்க வேண்டிய இடத்தில் 8 இருந்தால், நல்ல சரக்கும் துறைமுகத்திலேயே முடங்கக்கூடும். பேனாவால் நீங்களே திருத்துவது பெரும் தவறு. சான்றிதழை வழங்கிய அலுவலகமே மாற்றுச் சான்றிதழ் தர வேண்டும்.

விலங்குப் பொருள்களுக்கென ஒதுக்கப்பட்ட துறைமுகம் அல்லது விமான நிலையம் வழியாக மட்டுமே சரக்கு வர வேண்டும் என்பதே பெரும்பாலான நாடுகளின் விதி. வருகையை முன்கூட்டியே அறிவிக்கவும் வேண்டும். அங்கே முதலில் ஆவணங்களையும், பிறகு சீலும் லேபிளும் ஆவணத்தோடு பொருந்துகின்றனவா என்பதையும், தேவைப்பட்டால் பொருளையும் சோதிப்பார்கள். உறைந்த இறைச்சியென்றால் வெப்பமானியைச் செருகி, வழக்கமான மைனஸ் 18 டிகிரி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பெட்டியின் அடியில் தகடாக உறைந்து கிடக்கும் சிவப்பு நீர், வழியில் சரக்கு உருகி மீண்டும் உறைந்ததைக் காட்டிக் கொடுத்துவிடும். நிராகரிக்கப்பட்டால் திருப்பி அனுப்புவதும் அழிப்பதும் உங்கள் செலவில்தான்.

கூரியரில் வரும் சிறு மாதிரிக்கும் இந்தப் படிகள் பொருந்தும். உலர்த்திப் பதப்படுத்திய பன்றி இறைச்சியில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வைரஸ் மாதக்கணக்கில் உயிர்த்திருக்கும் என்பதால், கால் கிலோ என்பதற்காக யாரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். மாதிரியை வரவழைக்கும் முன்பே அதற்கும் அனுமதி கேட்டு விண்ணப்பியுங்கள்.