மேண்டலினில் பிக்கிங் வேகம் ஏற்றுவது எப்படி? ப்ளூகிராஸ் பழகத் தொடங்குவோருக்கு

மேண்டலினைக் கையில் எடுத்த சில நாட்களிலேயே ஒற்றைக் கம்பியில் டகடகவென்று பிக்கை (கம்பியை மீட்டும் சிறு தகடு) ஆட்டிவிடலாம். அதே வேகத்தில் ஒரு ட்யூன் வாசிக்கப் போனால், பக்கத்துக் கம்பிக்குத் தாவும் இடத்தில் கை தடுமாறும். பழகுபவர்களில் பெரும்பாலோர் நிற்பது இங்கேதான். ஆனாலும் பயிற்சி நேரத்தையெல்லாம் ஒற்றைக் கம்பியிலேயே கொட்டுகிறார்கள். கம்பி மாறும் அந்தக் கணத்தைச் சரிசெய்தால் வேகம் தானாக ஏறும். அதனால் இந்தப் பதிவில் அதற்குத்தான் அதிக இடம்.

எவ்வளவு வேகம் வேண்டும்?

ப்ளூகிராஸ் என்பது ஓர் அமெரிக்க இசை வகை. அந்தப் பெயரே அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் பிறந்த பில் மன்றோவின் குழுவான ‘ப்ளூ கிராஸ் பாய்ஸ்’ பெயரிலிருந்து வந்தது. மன்றோ வாசித்தது மேண்டலின். பாட்டின் பெரும்பகுதியில் மேண்டலின், பேஸ் (தாழ்ந்த சுருதியில் ஒலிக்கும் பெரிய கம்பி வாத்தியம்) அடிக்கும் தட்டுக்கு எதிர்த்தட்டில் ‘சாப்’ என்று வெட்டி அடித்துத் தாளம் பிடிக்கும். தன் முறை வரும்போது ஒரு சுற்று சோலோ. வேகம் தேவைப்படுவது அந்தச் சோலோவில்.

மெட்ரோனோமில் (சீராக ‘டிக்’ அடித்துத் தாளம் காட்டும் கருவி) ஒரு டிக்குக்கு நான்கு நோட் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிதானமான ட்யூன்கள் நிமிடத்துக்கு 80, 90 டிக்கில் போகும். நண்பர்கள் கூடி வாசிக்கும் ஜாமில் 100 முதல் 115 வரை சாதாரணம். விறுவிறுப்பான ட்யூன்கள் 130-ஐத் தாண்டும். 120 என்றால் வினாடிக்கு 8 நோட். சில பாடங்களில் ஒரு டிக்குக்கு இரண்டு நோட் என்று கணக்கிட்டு இதையே 240 என்று போட்டிருப்பார்கள். வேகம் ஒன்றுதான், எண்ணும் விதம் வேறு. தொடங்குபவருக்கு 100 நல்ல இலக்கு.

நம் ஊரில் மேண்டலின் என்றாலே உ. ஸ்ரீநிவாஸ் நினைவுக்கு வருவார். அவர் வாசித்தது ஒற்றைக் கம்பிகள் கட்டிய எலக்ட்ரிக் மேண்டலின். ப்ளூகிராஸுக்கு வேண்டியது அக்கூஸ்டிக் மேண்டலின்: எட்டுக் கம்பி, நான்கு ஜோடி, வயலின் போலவே ஜி, டி, ஏ, ஈ சுருதி. கர்நாடக முறையில் பழகிவிட்டு இங்கே வருபவர்களுக்கு இடது கை ஓரளவு தயாராகவே இருக்கும். ஒவ்வொரு ஸ்ட்ரோக்கிலும் இரண்டு கம்பியைக் கடக்க வேண்டிய வலது கையைத்தான் புதிதாகப் பழக்க வேண்டும்.

முதலில் கருவியைச் சரிபாருங்கள்

பிக் 1.2 முதல் 1.5 மில்லிமீட்டர் தடிமனில் இருக்கட்டும். முனை மழுங்கிய முக்கோணப் பிக் நல்லது. கிதாருடன் இலவசமாக வரும் 0.6, 0.7 மில்லிமீட்டர் பிக் இதற்கு உதவாது. அது கம்பியில் பட்டதும் வளைகிறது, நிமிர்ந்து திரும்ப நேரம் எடுக்கிறது, அதற்குள் அடுத்த ஸ்ட்ரோக் வந்துவிடுகிறது. மெதுவாக வாசிக்கும்போது இது தெரியாது. 90-ஐத் தாண்டியதும் நோட்டுகள் குழைய ஆரம்பிக்கும்.

12-ஆவது ஃப்ரெட்டில் (கம்பிகளுக்கு அடியில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையே 1.5 முதல் 2 மில்லிமீட்டர் இடைவெளி போதும். விலை குறைந்த புதிய மேண்டலின்களில் இது 3 வரைகூட இருக்கும். அழுத்தி அழுத்தியே இடது கை சோர்ந்துவிடும். பிரிட்ஜின் (கம்பிகளைத் தாங்கும் கட்டை) இருபுறமும் உள்ள சிறு சக்கரங்களைத் திருகி இறக்கலாம். கம்பிகளைத் தளர்த்திவிட்டுத் திருகுங்கள். பிரிட்ஜ் பசை போட்டு ஒட்டியதல்ல, கம்பியின் அழுத்தத்தில்தான் நிற்கிறது. எட்டுக் கம்பியையும் ஒரேயடியாகக் கழற்றினால் அது இடம் மாறிவிடும், பிறகு சுருதி சேராது.

ஜோடிக் கம்பிகள் இரண்டும் துல்லியமாக ஒரே சுருதியில் இருக்க வேண்டும். ஜோடி பிசகியிருந்தால் எல்லா நோட்டும் கலங்கலாகவே கேட்கும். ஸ்ட்ரோக் சீராக விழுகிறதா என்று காதால் கண்டுபிடிக்கவே முடியாது.

படி 1: பிடி

வலது கையைத் தளர்வாக மூடுங்கள். ஆள்காட்டி விரலின் பக்கவாட்டில், நகத்துக்கு அருகில் உள்ள மூட்டின் மேல் பிக்கை வைத்து, கட்டைவிரலை அதன்மேல் தட்டையாகப் படிய வையுங்கள். பூட்டில் நுழைக்கும் சாவியைப் பிடிப்பது போன்ற பிடி. முனை 4, 5 மில்லிமீட்டர் மட்டும் வெளியே தெரிந்தால் போதும். மற்றவர் ஒருவர் பிக்கை இழுத்தால் லேசான தடையோடு வந்துவிட வேண்டும். வரவில்லை என்றால் இறுக்கிப் பிடித்திருக்கிறீர்கள்.

பிக் கம்பிக்கு முற்றிலும் இணையாக இருந்தால் ஒவ்வொரு முறையும் முட்டும். சற்றே சாய்த்து, ஓரம் முதலில் படும்படி வைத்தால் வழுக்கிக்கொண்டு போகும். சாய்வு அதிகமானால் ‘சர்சர்’ என்று உரசல் கேட்கும், ஒலியின் கனம் போய்விடும்.

உள்ளங்கையின் அடிப்பகுதி பிரிட்ஜுக்குப் பின்னால் லேசாகத் தொட்டுக்கொண்டிருக்கலாம். அழுத்தி ஊன்றக் கூடாது. சுண்டுவிரலைப் பலகையில் ஊன்றுபவர்களும் உண்டு. ஊன்றிய விரல் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்துகிறது. ஜி கம்பியில் ஒரு மாதிரியும் ஈ கம்பியில் ஒரு மாதிரியும் கை அசைய வேண்டியதாகிறது. விரல் நுனி பலகையை உரசிக்கொண்டே போகட்டும், அது கெடுதல் செய்யாது.

வாசிக்கும் இடம், ஃபிங்கர்போர்டு முடியும் இடத்துக்கும் பிரிட்ஜுக்கும் நடுவில். சில மேண்டலின்களில் ஃபிங்கர்போர்டு ஒலித்துளையை நோக்கி நீண்டிருக்கும். பிக் அதன் கடைசி ஃப்ரெட்டுகளில் தட்டி ‘டிக் டிக்’ சத்தம் வந்தால் கையைச் சற்று பிரிட்ஜ் பக்கம் நகர்த்துங்கள்.

படி 2: ஒரு ஜோடி, இரண்டு திசை

மெட்ரோனோம் 60. ஏ ஜோடியை எதையும் அழுத்தாமல், டிக்குக்கு இரண்டு நோட்: டவுன், அப், டவுன், அப். இரண்டு நிமிடம்.

இங்கே கவனிக்க வேண்டியது அப் ஸ்ட்ரோக். டவுனில் பிக் இரண்டு கம்பியையும் கடந்துவிடும். அப்பில் முதல் கம்பியை மட்டும் தொட்டுவிட்டு எகிறிவிடும். வேகத்தில் ‘ஒரு நோட் பெரிசு, ஒரு நோட் சின்னது’ என்று கேட்பதற்கு இதுவே காரணம். சோதிக்க எளிய வழி உண்டு. பிக்கை மிக மெதுவாக மேலே இழுங்கள். விரலில் இரண்டு சிறு தடைகள், ஒன்றன்பின் ஒன்றாக, தெரிய வேண்டும். பிறகு எட்டு அப் ஸ்ட்ரோக் மட்டும் வாசித்து, எட்டு டவுன் ஸ்ட்ரோக்குடன் ஒப்பிட்டுக் கேளுங்கள். ஒலி ஒரே கனத்தில் வரும்வரை வேகத்தை ஏற்ற வேண்டாம்.

அசைவு மணிக்கட்டிலிருந்து வரட்டும். ஜோடியைக் கடந்தபின் பிக் 2, 3 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. கண்ணுக்கு இது பிடிபடாது. கைபேசியில் ஸ்லோ மோஷனில் எடுத்துப் பாருங்கள். மெதுவாக வாசிக்கும்போது பிக்கை அகலமாக வீசிப் பழகிவிட்டால், வேகத்தில் அந்த வீச்சு செல்லாது, எல்லாவற்றையும் முதலிலிருந்து பழக வேண்டிவரும். 60-இல் வாசித்தாலும் அசைவின் அளவு 120-இல் இருக்க வேண்டிய அளவுதான்.

படி 3: திசை விதி

டிக்கில் விழும் நோட் டவுன். நான்கு நோட்டில் ஒன்றும் மூன்றும் டவுன், இரண்டும் நான்கும் அப். நடுவில் நீண்ட நோட் வந்தாலும் கை நிற்கக் கூடாது. கம்பியைத் தொடாமல் அந்த அப் ஸ்ட்ரோக்கைக் காற்றில் போட்டுவிட்டு அடுத்த டவுனுக்கு வர வேண்டும். மன்றோவின் பாணியில் தொடர்ந்து டவுன் ஸ்ட்ரோக் அடிக்கும் இடங்கள் நிறைய உண்டு. அது தனிச் சுவை, பிறகு கற்றுக்கொள்ளலாம். இப்போது விதியை மீற வேண்டாம். ஒரே ட்யூனை ஒருநாள் ஒரு திசையிலும் மறுநாள் வேறு திசையிலும் வாசித்தால் கைக்கு எதுவும் பதியாது.

படி 4: கம்பி மாறும் இடம்

மேண்டலினை மடியில் வைத்தால் ஜி கம்பி உங்கள் முகத்துப் பக்கம், ஈ கம்பி தரைப் பக்கம். டவுன் ஸ்ட்ரோக் தரையை நோக்கிப் போகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு டி, ஏ ஜோடிகளை எடுத்துக்கொள்வோம்.

டி-யில் டவுன், அடுத்து ஏ-யில் அப். டி-யைக் கடந்த பிக் இரண்டு ஜோடிக்கும் நடுவில் நிற்கிறது. ஏ-யில் அப் அடிக்க வேண்டுமானால் ஏ-யைத் தொடாமல் தாண்டி அதன் மறுபக்கம் போய்த் திரும்ப வேண்டும். இது வெளிக் கடப்பு. ஏ-யில் டவுன், அடுத்து டி-யில் அப் என்றால் நிலைமை வேறு. பிக் ஏ-யைக் கடந்து தரைப் பக்கம் போய்விட்டது. திரும்பி ஏ-யைத் தாண்டி, இரண்டு ஜோடிக்கும் இடையே உள்ள குறுகிய இடத்தில் இறங்கி, அங்கிருந்து டி-யை மேலே இழுக்க வேண்டும். இது உள் கடப்பு. பெரும்பாலோருக்கு இதுதான் கடினம். இடம் குறுகல் என்பதால் பிக் தவறான கம்பியில் மாட்டிக்கொள்ளும்.

இரண்டையும் தனித்தனியே பழகுங்கள். 60-இல், டிக்குக்கு இரண்டு நோட்:

வெளி: டி டவுன், ஏ அப், டி டவுன், ஏ அப். ஒரு நிமிடம்.
உள்: ஏ டவுன், டி அப், ஏ டவுன், டி அப். இரண்டு நிமிடம்.

உள் கடப்பில் பிக் மாட்டினால், முனையை ஆழமாக இறக்குகிறீர்கள் என்று அர்த்தம். கம்பிகளுக்குள் 1 மில்லிமீட்டர் சொச்சம் இறங்கினால் போதும். தாண்டுவதற்காக முழங்கையைத் தூக்குவதும் தவறு. மணிக்கட்டைச் சிறிதளவு சுழற்றினாலே பிக் கம்பிக்கு மேலே எழும்.

அடுத்தது இரண்டு கடப்பையும் கலந்து தரும் எட்டு நோட் வரிசை, மூன்று ஜோடிகளில்: டி டவுன், ஏ அப், ஈ டவுன், டி அப், ஏ டவுன், ஈ அப், டி டவுன், ஏ அப். மூன்று, மூன்று, இரண்டு என்று பிரியும் இந்த ஓட்டம் பாஞ்சோ வாத்தியத்தில் விரல்களை மாற்றி மாற்றி மீட்டும் உருட்டலை நினைவூட்டும். ப்ளூகிராஸ் கலைஞர் ஜெஸ்ஸி மெக்ரெனால்ட்ஸ் மேண்டலினில் புகழ்பெறச் செய்த க்ராஸ்பிக்கிங் இந்தக் குடும்பம்தான். அவர் திசைகளை வேறு மாதிரி, டவுன், அப், அப் என்று அமைத்துக்கொண்டார். நமக்கு இப்போது இது பயிற்சி மட்டுமே, எனவே திசை மாறி மாறியே போகட்டும்.

இனி இடது கையைச் சேர்க்கலாம். ஜி ஜோடியில் 0, 2, 4, 5. டி ஜோடியில் 0, 2, 4, 5. எண்கள் ஃப்ரெட்டைக் குறிக்கும், 0 என்றால் விரல் வைக்காத திறந்த கம்பி. இது ஜி மேஜர் ஸ்கேல். 2-இல் ஆள்காட்டி, 4-இல் நடுவிரல், 5-இல் மோதிரவிரல். ஒரு ஜோடியில் நான்கு நோட் என்பதால் அப் முடிந்து டவுனில் மாறுகிறீர்கள்: உள் கடப்பு. இப்போது ஜி-யில் 2, 4, 5 மட்டும், டி-யில் 0, 2, 4 என்று ஜோடிக்கு மூன்றாக வாசியுங்கள். டவுன் முடிந்து அப்பில் மாறும்: வெளிக் கடப்பு. ஒரு ட்யூனில் எந்த இடம் தடுக்குகிறதோ அங்கே எந்தக் கடப்பு வருகிறது என்று பார்த்து, அந்த நான்கு நோட்டை மட்டும் வெட்டியெடுத்துப் பழகுங்கள். முழு ட்யூனையும் திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட இது பல மடங்கு பலன் தரும்.

பிசகு எந்தக் கையில் என்று தெரியவில்லையா? இடது விரல்களைக் கம்பிமேல் லேசாகப் போர்த்தி ஒலியை அடக்கிவிட்டு, வலது கையை மட்டும் அதே வரிசையில் ஓட்டுங்கள். ‘டக் டக்’ சீராக வந்தால் கோளாறு இடது கையில்: விரல் தாமதமாக விழுகிறது, அல்லது ஃப்ரெட்டுக்கு ஒட்டிப் பின்னால் அழுத்தாமல் நடுவில் அழுத்துகிறது.

படி 5: வேகத்தை ஏற்றுதல்

எட்டு நோட் வரிசையை ஐந்து முறை பிசகில்லாமல் வாசிக்க முடிகிற உச்ச டெம்போவைக் கண்டுபிடியுங்கள், டிக்குக்கு நான்கு நோட் கணக்கில். அது 70 என்றால் பயிற்சியை 50-இல் தொடங்குங்கள். நான்கு நான்காக ஏற்றி 70-ஐத் தொட்டதும் மீண்டும் 58-க்கு இறங்குங்கள். ஏறிக்கொண்டே போவது மட்டும் கூடாது. இறங்கும்போதுதான் கை தளர்ந்திருக்கிறதா என்று தெரியும்.

இப்படி மட்டும் ஏற்றினால் ஓரிடத்தில் தேங்கிவிடும். அப்போது வெடிப்புப் பயிற்சி. மெட்ரோனோமை நேராக 100-இல் வையுங்கள். ஐந்து நோட் மட்டும்: நான்கு நோட், அடுத்த டிக்கில் ஒன்று, நிறுத்தம். நான்கு டிக் சும்மா இருந்து கையைத் தளர்த்துங்கள். மீண்டும் ஐந்து. இது சுத்தமாக வந்ததும் ஒன்பது நோட், பிறகு பதினேழு. தொடர்ந்து வாசிக்கும்போது ஒவ்வொரு ஸ்ட்ரோக்கிலும் சேரும் இறுக்கம்தான் கையைக் கட்டிப்போடுகிறது. சிறு துண்டாக வாசித்தால் இறுக்கம் சேர்வதற்குள் ஓய்வு கிடைக்கிறது, கையும் உண்மையான வேகத்தின் அசைவைப் பழகிக்கொள்கிறது.

முன்கையில் எரிச்சல் எழுந்தால் நிறுத்திவிடுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு தொடர்ந்தால் அந்த இறுக்கத்தையே பழக்கமாக்கிக்கொள்வீர்கள். மரத்துப்போதலோ குத்தும் வலியோ வந்தால் அன்றைக்குக் கருவியைத் தொட வேண்டாம். பிக் விரல்களுக்குள் சுழன்றுபோவது இன்னொரு தொல்லை. வியர்வையால் சுழன்றால், நடுவில் துளை போட்ட பிக் உதவும். பெரும்பாலும் காரணம், முனை ஆழமாக இறங்கிக் கம்பி அதைத் திருப்பிவிடுவதுதான்.

ஒரு நாளைக்கு 25 நிமிடம் போதும்: ஒற்றை ஜோடி 3, கடப்புகள் 9, ஸ்கேல் 5, வெடிப்பு 5, மீதி நேரம் பிடித்த ட்யூன் ஒன்றை நிதானமாக. வாரத்துக்கு மூன்று, நான்கு எண் ஏறினாலே நல்ல முன்னேற்றம்.

80-ஐத் தாண்டியபின் மெட்ரோனோமின் டிக்கை இடம் மாற்றிக் கேளுங்கள். நான்கு நோட்டில் முதலாவதில் விழுந்த டிக் இப்போது மூன்றாவதில் விழுவதாக எண்ணி வாசியுங்கள். ஜாமில் மற்றொரு மேண்டலினின் சாப் விழும் இடம் அதுதான். முதல் சில தடவை ஓட்டம் புரண்டுபோகும்; டெம்போவை 60-க்கு இறக்கி, வாயால் ‘ஒன்று, இரண்டு, டிக், நான்கு’ என்று சொல்லிக்கொண்டே தொடங்குங்கள். அது பிடிபட்டதும், சுருதி மாறாமல் வேகத்தைக் குறைக்கும் செயலி ஒன்றில் ஏதாவது ப்ளூகிராஸ் பதிவை 70 சதவீதத்தில் ஓடவிட்டு அதோடு சேர்ந்து வாசியுங்கள். மெட்ரோனோம் காட்டாத பிசகு, அதாவது டி, ஈ திறந்த கம்பிகளில் கை முந்திப்போவது, அங்கே பேஸுக்கு எதிரே உடனே கேட்டுவிடும்.