பிந்தி வந்த ஒலி: வகுப்பறையில் ஒரு சிறு தீர்வு

இரண்டாம் வகுப்புக்கு ல, ள, ழ ஒலிப்பைக் கற்பிக்க, என் வாயசைவையே கைப்பேசியில் பதிவுசெய்து மடிக்கணினி வழியாகப் புரொஜெக்டரில் காட்டியபோது, நாக்கு வளைந்து இறங்கிய பிறகே புளூடூத் ஒலிபெருக்கியில் ‘ழ’ கேட்டது. வாயைப் பார்த்தே ஒலியைப் பிடிக்கும் வயதில் இந்தச் சிறு தாமதம் பாடத்தையே குழப்பிவிடும். கோப்பில் பழுதில்லை, ஒலியைச் சுருக்கி அனுப்பி மறுமுனையில் விரிப்பதால் புளூடூத்தில் தாமதம் இயல்பு. காணொளியை ஓட்டும் விஎல்சி (VLC) செயலியில் ‘ஜே’ (J) விசையை அழுத்தினால், ஒவ்வொரு முறையும் ஒலி 50 மில்லிநொடி முன்னே நகர்கிறது. ஆனால் அடுத்த காணொளிக்கு மறுபடியும் அழுத்த வேண்டியிருந்தது. வகுப்பு நிறையப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அது ஆகிற காரியமா? ஆகவே 3.5 மி.மீ. ஆடியோ கம்பியால் ஒலிபெருக்கியை மடிக்கணினியுடன் நேரடியாக இணைத்தேன், தாமதம் தீர்ந்தது. பிள்ளைகள் காலில் இடறாதபடி கம்பியைச் சுவரோரமாக ஒட்டிவிடுவது நல்லது.