கிளிநொச்சியிலிருந்து கொழும்புக்கு வீடு மாறுதல்: வயதான பெற்றோரோடு போகிறவர்களுக்கு

கிளிநொச்சியிலிருந்து கொழும்பு ஏறக்குறைய 330 கிலோமீற்றர். எழுபது, எண்பது வயதான அம்மாவையோ அப்பாவையோ கூட்டிக்கொண்டு வீட்டுச் சாமானோடு மாறுகிறவர்கள் முதலில் முடிவெடுக்க வேண்டியது ஒன்றுதான்: லொறி முதல்நாள் போகட்டும், அவர்கள் மறுநாள் போகட்டும். லொறியோடு வீட்டாள் ஒருவர் போய், கட்டிலைப் பூட்டி மெத்தை விரித்து, குளியலறையில் வாளியும் கதிரையும் வைத்து முடித்திருக்க வேண்டும். பத்து மணித்தியாலம் வாகனத்தில் இருந்து வந்தவரை, சாமான் இறக்கி முடியும்வரை பிளாஸ்ரிக் கதிரையில் இருத்தி வைப்பதுதான் பலரும் விடுகிற பெரிய பிழை. இங்கே கட்டில் இல்லாத அந்த ஓரிரவுக்கு அயலிலோ சொந்தக்காரர் வீட்டிலோ படுக்க இடம் கேளுங்கள். பாயில் படுக்க விட்டால் முழங்கால் நோவோடுதான் பயணம் தொடங்கும்.

நாளும் லொறியும்

ஒக்ரோபர் முதல் டிசம்பர் வரை மாரி. மெத்தை நனையும், வீதியிலும் வெள்ளம் நிற்கலாம். பெரும்போக அறுவடை நேரம் லொறிகளெல்லாம் நெல்லுக்குப் போய்விடும், வாடகையும் ஏறும். பொசன் போயாவை ஒட்டி அநுராதபுரத்திலும், ஜூலை 2, ஓகஸ்ட் 15 மடுத் திருவிழாக்களை ஒட்டி மதவாச்சியிலும் சனநெருக்கம் இருக்கும். அந்த நாட்களைத் தவிருங்கள்.

கொழும்பிலிருந்து கடைச் சாமான் ஏற்றி வரும் லொறிகள் பல வெறுமையாகத் திரும்புகின்றன. பஜாரில் மொத்தக் கடைக்காரரிடம் விசாரித்தால் அப்படி ஒன்றைக் குறைந்த வாடகைக்குப் பிடிக்கலாம். இரண்டறை வீட்டுச் சாமானுக்குப் பதினாலரை அடி லொறி தாராளம். பட்டா என்கிற சின்ன லொறியில் அலுமாரியை உயர அடுக்கிக்கொண்டு இவ்வளவு தூரம் போக வேண்டாம், வளைவுகளில் ஆடும். ஏற்றுகூலி, இறக்குகூலி, மாடிக்குத் தூக்கும் கூலி மூன்றும் வாடகைக்குள் அடங்குமா என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

அம்மி, ஆட்டுக்கல், தையல் மெசின் போன்ற பாரமானவை சாரதி இருக்கைப் பக்கமாக, அடித்தட்டில். கட்டில், மெத்தை, சாமிப் படங்கள், கேத்தல், வாளி கடைசியாக ஏறட்டும், அப்போதுதான் முதலில் இறங்கும். கட்டிலைக் கழற்றும்போது ஆணிகளைச் சிறு பையில் போட்டு அந்தச் சட்டத்திலேயே கட்டிவிடுங்கள். பிறிஜ்ஜை முதல்நாளே நிறுத்தி ஐஸ் கரைத்து, நிமிர்த்தியே ஏற்றுங்கள். போனதும் நாலைந்து மணித்தியாலம் கழித்துத்தான் கரண்ட் கொடுக்க வேண்டும். சரித்துக் கொண்டுபோனால் கொம்பிரசரின் எண்ணெய் குழாய்க்குள் போய்விடும். காஸ் சிலிண்டரை ரெகுலேற்றர் கழற்றி நிமிர்த்தி வையுங்கள். ஆட்கள் போகிற வானுக்குள் அது வரவே கூடாது. படங்கு இரண்டு மடிப்பாகப் போர்த்துக் கட்டுங்கள். வீடு கட்ட வைத்திருந்த முதிரை, பாலைப் பலகைகளை அனுமதிப்பத்திரம் இல்லாமல் ஏற்றாதீர்கள். வழியில் மறித்தால் லொறியே நின்றுவிடும்.

மூட்டை கட்டுதல்

இதை அவசரப்படுத்தாதீர்கள். வன்னியில் இந்த வயதுக்காரர் அநேகர் 2008, 2009 இல் ஊர் ஊராக மூட்டை தூக்கியவர்கள். உரப்பைகளும் கயிறும் முற்றத்துக்கு வந்ததும் சிலர் சாப்பிடாமல் இருப்பார்கள், சிலர் இரவில் எழும்பிப் பைகளை எண்ணுவார்கள். ஆகவே ஒரே நாளில் வீட்டைக் கவிழ்க்காமல், இரண்டு கிழமைக்கு முன்பே நாளுக்கு ஓர் அறையாக, அவர்கள் பார்த்திருக்கக் கட்டுங்கள். எது வர வேண்டும் என்பதை அவர்களே சொல்லட்டும். விரிசல் விட்ட உரல் வர வேண்டுமென்றால் வரட்டும், லொறியில் அதற்கு இடம் உண்டு.

காணி உறுதி, அடையாள அட்டை, பிறப்பு, இறப்புச் சான்றிதழ்கள், வங்கிப் புத்தகம், கிளினிக் கொப்பி எல்லாம் ஒரே பையில். அந்தப் பை லொறியில் ஏறக் கூடாது. அம்மா அதை மடியில் வைத்திருக்க விரும்பினால் வாங்கிப் பின்னால் வைக்காதீர்கள். ஒவ்வொரு பக்கத்தையும் முன்பே போனில் படமெடுத்து வைத்தால் போதும்.

மருந்து

மூன்று கிழமைக்கு முன்பு கிளினிக்கில் வீடு மாறுவதைச் சொல்லி, புதிய ஆஸ்பத்திரிக்குக் கடிதமும், போய்ச் சேர்ந்த பிறகு ஒரு மாதத்துக்குக் காணும் மருந்தும் கேளுங்கள். நீர் போகிற குளிசை எடுப்பவர்கள், பயண நாளில் அதை எத்தனை மணிக்குப் போடலாம் என்று டொக்டரிடமே கேட்க வேண்டும். சலத்துக்குப் பயந்து தாங்களாக நிறுத்தினால் நெஞ்சில் நீர் கட்டி மூச்சு முட்டலாம். இன்சுலினை ஈரத்துணி சுற்றி, ஐஸ் பையில் நேரே முட்டாமல் வையுங்கள். உறைந்தாலும் கெட்டது, வெயில்பட்ட டாஷ்போர்டில் இருந்தாலும் கெட்டது. சீனி வருத்தக்காரருக்குத் திடீரென்று வேர்த்து நடுங்கினால், நினைவோடு விழுங்கக்கூடியவராக இருந்தால், மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்து உடனே கொடுக்க வேண்டும்.

வழியில்

காலை ஐந்தரைக்குப் புறப்பட்டால் நன்று. அதற்கு முந்தினால் இருட்டில் ஏ9 வீதியில் மாடுகள் படுத்திருக்கும். பிந்தினால் மாலை நெரிசலில் கொழும்புக்குள் மாட்டுவீர்கள். வான் படி உயரம். ஏறி இறங்க ஏழெட்டு அங்குல உயரமான, ஆடாத முக்காலி ஒன்று கூடவே வேண்டும். கார் என்றால் முதலில் இருக்கையில் இருந்துவிட்டு, பிறகு இரண்டு கால்களையும் ஒன்றாகத் திருப்பி உள்ளே எடுக்க வேண்டும். இருக்கையில் ஒரு பொலித்தீன் பையை விரித்தால் உடம்பு இலேசாகத் திரும்பும். புறப்படுமுன் அதை எடுத்துவிடுங்கள், பிறேக் போடும்போது வழுக்கும்.

இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை இறக்கி ஐந்து நிமிடம் நடக்க விடுங்கள். தொடர்ந்து இருந்தால் கால் வீங்கும், இரத்தம் உறையவும் கூடும். முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் எப்படியும் நிறுத்துவீர்கள். கற்பூரம் கொளுத்திய கையோடு மலசலகூடத்துக்கும் போய்வரட்டும். பிறகு வவுனியா, அநுராதபுரம், புத்தளம், சிலாபம். “வேண்டாம் பிள்ளை, போய்ச் சேர்ந்து குடிப்பம்” என்று தண்ணீரைத் தள்ளுவார்கள். மலசலகூடத்தை நினைத்துத்தான் அப்படிச் சொல்வது. குந்தி இருக்க முடியாதவருக்குக் கொமட் கதிரை ஒன்றை வானில் கொண்டுபோனால் தண்ணீர் குடிக்கத் தயங்கமாட்டார்கள். புட்டும் வாழைப்பழமும் கட்டுங்கள். தேங்காய்ச் சம்பல் வெக்கையில் மதியத்துக்குள் புளித்துவிடும்.

வத்தளை, நீர்கொழும்புப் பக்கம் போவோருக்குப் புத்தளம் வீதி நல்லது, வளைவு குறைவு. கடவத்தை, மஹரகமப் பக்கம் என்றால் அநுராதபுரத்திலிருந்து பாதெனிய, குருநாகல் வழியாகப் போகலாம்.

வழியில் நெஞ்சு நோவோ மூச்சுத் திணறலோ வந்தால் 1990 இற்கு எடுங்கள், அம்புலன்ஸ் இலவசம். வவுனியா, அநுராதபுரம், புத்தளம், சிலாபம் நான்கிலும் அரசாங்க ஆஸ்பத்திரிகள் உண்டு.

போய் இறங்கியதும்

முதல் இரவு மலசலகூடத்து லைட்டை விடியும்வரை எரிய விடுங்கள். பழகாத வீட்டில் இருட்டில் எழும்பி விழுவதுதான் அதிகம். தண்ணீர்ப் போத்தலையும் ரோர்ச்சையும் கட்டிலின் அதே பக்கத்தில், ஊரில் இருந்ததுபோலவே வையுங்கள். கையிலுள்ள மருந்து முடிய இரண்டு கிழமை இருக்கும்போதே கடிதத்தோடு கிளினிக்கில் பதிந்துவிடுங்கள். ஓய்வூதியமோ முதியோர் கொடுப்பனவோ எடுப்பவரென்றால் பழைய, புதிய பிரதேச செயலகங்கள் இரண்டுக்கும் விலாச மாற்றத்தை அறிவிக்க வேண்டும்.