வீட்டு ஸ்டூடியோவுக்கு மானிட்டர் ஸ்பீக்கர்: முதலில் அறையை அளந்துவிடுங்கள்

பாட்டு பதிவு செய்கிறீர்கள், பாட்காஸ்ட் எடிட் செய்கிறீர்கள், அல்லது வீடியோவுக்கு ஒலி சேர்க்கிறீர்கள். இதுவரை இயர்போனிலேயே ஓட்டியாகிவிட்டது. இனி ஒரு ஜோடி மானிட்டர் ஸ்பீக்கர் வாங்கலாம் என்று பார்த்தால், யாரைக் கேட்டாலும் ஒரு மாடல் பெயரைச் சொல்வார்கள். எந்த அறையில், எங்கே வைக்கப்போகிறீர்கள் என்று கேட்கிறவர்கள் குறைவு. விலை குறைந்த மானிட்டர்களில் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் உள்ள வித்தியாசத்தைவிட, ஒரே மானிட்டரை அறை மூலையில் திணிப்பதற்கும் சரியான இடத்தில் வைப்பதற்கும் உள்ள வித்தியாசம் பெரியது. அதனால் மாடல்கள் பின்னால் வரும். இப்போதைக்கு ஒரு அளவு நாடாவை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: மானிட்டர் எதற்கு என்று தெளிவாக இருங்கள்

பாட்டு கேட்பதற்கென்று விற்கும் ஸ்பீக்கர்கள் பலவற்றில் பேஸைக் கொஞ்சம் தூக்கி, ட்ரெபிளைக் கொஞ்சம் பளிச்சென்று வைத்திருப்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கும். மிக்ஸ் செய்யும்போது, அதாவது பதிவு செய்த ஒலிகளை அளவு பார்த்துச் சேர்க்கும்போது, அதுவே வம்பு. ஸ்பீக்கர் தானாகப் பேஸைக் கூட்டிக் காட்டினால், அதிகமாக இருக்கிறது என்று நினைத்து நீங்கள் குறைத்துவிடுவீர்கள். அதே பாட்டை வேறு இடத்தில் போட்டால் சப்பென்று இருக்கும்.

மானிட்டர் உள்ளதை உள்ளபடி காட்ட வேண்டும், அவ்வளவுதான். யமஹா 1978-இல் கொண்டுவந்த என்.எஸ்.10 வீட்டில் பாட்டு கேட்பதற்காகச் செய்த ஸ்பீக்கர். அந்தச் சந்தையில் அது பெரிதாக எடுபடவில்லை. ஆனால் வெள்ளைக் கூம்பு வைத்த அந்தப் பெட்டி உலகம் முழுக்க ஸ்டூடியோக்களின் மிக்சர் மேஜைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. 2001-இல் தயாரிப்பை நிறுத்திய பிறகும் தேடிப்பிடித்து வாங்குகிறார்கள். குரல் இருக்கும் நடுப்பகுதியை அது முகத்தில் அடித்தாற்போலக் காட்டும். அங்கே பிசகு இருந்தால் மறைக்காது. வேலை செய்கிறவர்களுக்கு அதுதான் வேண்டியிருந்தது. ஆகவே, முதல் முறை கேட்கும்போது ஒரு மானிட்டர் உங்களை மயக்கவில்லை என்பதற்காக அதை ஒதுக்கிவிடாதீர்கள்.

படி 2: அறையை அளந்து, அதற்கேற்ற வூஃபரை முடிவு செய்யுங்கள்

அறையின் நீளத்தையும் அகலத்தையும் மீட்டரில் குறித்துக்கொள்ளுங்கள். 171.5-ஐ அந்த நீளத்தால் வகுங்கள். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது, அதில் பாதிதான் இந்த எண். நீளம் 3.5 மீட்டர் என்றால் விடை 49. அந்த அறையில் 49 ஹெர்ட்ஸ் பக்கம் வரும் ஒலி எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டு, சில இடங்களில் பூதாகரமாகவும் சில இடங்களில் காணாமலும் போகும். அதன் இரு மடங்கான 98-இலும் இதே கதை. அகலத்துக்கும் இப்படியே கணக்குப் போடுங்கள். நீளமும் அகலமும் ஒன்றாக இருக்கும் சதுர அறை என்றால் இரண்டு சிக்கலும் ஒரே எண்ணில் வந்து விழும், இன்னும் மோசம்.

இந்தக் கணக்கு எதற்கென்றால், சின்ன அறைக்குள் பெரிய ஸ்பீக்கரைக் கொண்டுபோனால் அது 40 ஹெர்ட்ஸ் வரை இறங்கி, அறை குழப்பும் இடத்தில்தான் போய் நிற்கும். காசு கொடுத்து வாங்கிய பேஸை நம்பவும் முடியாது, சரிசெய்யவும் முடியாது.

வூஃபர் என்பது பேஸைத் தரும் பெரிய கூம்பு, அதன் அளவைத்தான் இன்ச்சில் சொல்வார்கள். 3 அல்லது 3.5 இன்ச் வூஃபர் மேஜையில் கைக்கெட்டும் தூரத்தில் வைக்க ஏற்றது. பேச்சு, வீடியோ எடிட்டிங்குக்குப் போதும். 5 இன்ச் சாதாரணப் படுக்கையறைக்குச் சரி. 6.5 இன்ச் கொஞ்சம் தாராளமான அறைக்கு. 8 இன்ச்சை இப்போதைக்கு மறந்துவிடலாம். முதல் ஜோடி வாங்குகிற பெரும்பாலானவர்களுக்கு என் பதில் 5 இன்ச்தான். அடி பேஸுக்கென்றே தனியாக வரும் சப்வூஃபர் வேண்டவே வேண்டாம், ஒலியை உறிஞ்சும் பலகைகள் மாட்டி அறையைச் சரிசெய்யாமல் அதை வைப்பது தலைவலியை விலைக்கு வாங்குவது.

படி 3: பெட்டிமேல் உள்ள எண்களைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

விளம்பரத்தில் பெரிதாகப் போடும் எண் அதிர்வெண் வரம்பு. அது எந்தக் கணக்கில் சொன்னது என்பது சின்ன எழுத்தில் இருக்கும், சில நேரம் இருக்காது.

யமஹா எச்.எஸ்.5-ஐ எடுத்துக்கொள்வோம். 54 ஹெர்ட்ஸ் முதல் 30 கிலோஹெர்ட்ஸ் வரை என்று போட்டிருக்கும். அது 10 டெசிபல் குறைந்த இடத்தில் எடுத்த கணக்கு. அதாவது 54-இல் சத்தம் வரும், ஆனால் காதுக்குப் பாதியளவுதான் தெரியும். 3 டெசிபல் குறையும் இடத்தை அதே நிறுவனம் 74 ஹெர்ட்ஸ் என்கிறது. இரண்டு எண்ணுமே உண்மைதான். வேறொரு ஸ்பீக்கரின் 10 டெசிபல் கணக்கை இதன் 3 டெசிபல் கணக்கோடு ஒப்பிட்டால்தான் ஏமாந்துபோவோம். ஜே.பி.எல். 305பி மார்க் 2-க்கு இதே இரண்டு எண்கள் 43, 49. காகிதத்தில் பார்த்தால் அது இன்னும் கீழே இறங்குகிறது.

இது வேலையில் எப்படித் தெரியும்? பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி, அதாவது தாழ்ந்த ‘ஈ’ சுரம், 41 ஹெர்ட்ஸில் ஒலிக்கும். 5 இன்ச் மானிட்டர் அந்த அடிநாதத்தைப் பெயருக்குத்தான் தரும். நம் காது பிடித்துக்கொள்வது அதன் இரட்டிப்பான 82-ஐயும் அதற்கு மேலுள்ளதையும்தான். எனவே கம்பி மீட்டியது நன்றாகக் கேட்கிறதே என்று 41-ஐப் பற்றித் தீர்ப்புச் சொல்லிவிடக்கூடாது. அந்த அடிப்பகுதியை நல்ல ஹெட்போனில் ஒரு தடவை சரிபார்த்துக்கொள்வதுதான் வழி.

வாட் எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். வாட்டை இரட்டிப்பாக்கினால் கிடைப்பது 3 டெசிபல். ஒரு மீட்டர் தூரத்தில் உட்கார்ந்து கேட்க எந்த 5 இன்ச் ஆக்டிவ் மானிட்டரும் (ஆம்ப்ளிஃபையர் உள்ளேயே இருப்பது) தேவைக்கு மேலேயே சத்தம் போடும்.

பேஸைக் கூட்டப் பெட்டியில் விடும் காற்றுத் துளை பின்புறம் உள்ளதா, முன்புறம் உள்ளதா என்று பெரிய சர்ச்சை நடக்கும். முன் துளை இருந்தால் சுவரோடு ஒட்டி வைக்கலாம் என்பது பாதி உண்மை. தாழ்ந்த பேஸ் எல்லாப் பக்கமும் பரவும், துளை எந்தப் பக்கம் இருந்தாலும் சுவர் அதைக் கூட்டத்தான் செய்யும். பின் துளைக்கு மூச்சுவிடக் கொஞ்சம் இடம் கொடுத்தால் போதும்.

நான் உண்மையில் பார்க்கச் சொல்வது பின்பக்கச் சுவிட்சுகளை. பேஸை 2 அல்லது 4 டெசிபல் குறைக்கும் வசதி இருந்தால், இடமில்லாத வீட்டில் அது கைகொடுக்கும். அடுத்து, கேபிளில் ஏறும் இரைச்சலைக் கழித்துவிடும் பேலன்ஸ்டு உள்ளீடு, அதாவது எக்ஸ்.எல்.ஆர். அல்லது டி.ஆர்.எஸ். துளை இருக்க வேண்டும். டி.வி.யில் இருப்பதுபோன்ற சாதாரண ஆர்.சி.ஏ. துளை மட்டும் உள்ளவற்றில் கணினிப் பக்கத்து இரைச்சல் கேபிள் வழியாக உள்ளே வர வாய்ப்பு அதிகம்.

இன்னொன்று, பலரும் கோட்டைவிடும் இடம்: போட்டிருக்கும் விலை ஒன்றுக்கா, ஜோடிக்கா? 5 இன்ச்சும் அதற்கு மேலும் உள்ளவை பெரும்பாலும் ஒற்றையாக விற்பனையாகும். பிரிசோனஸ் ஈரிஸ் இ3.5 போன்ற சின்னவை ஜோடியாக வரும். அவற்றில் ஆம்ப்ளிஃபையர் ஒன்றுக்குள் இருக்கும், மற்றது வெறும் ஒயரில் தொங்கும்.

படி 4: கேட்டுப் பார்க்கும்போது

முடிந்தால் நேரில் கேளுங்கள். நூறு தடவை கேட்டுச் சலித்த இரண்டு பாட்டு, யாரோ பேசிய பதிவு ஒன்று, இவை போதும். ப்ளூடூத்தில் போடாமல் கேபிளில் போடுங்கள். இரண்டு மாடலை ஒப்பிடும்போது சத்தத்தைச் சமமாக வையுங்கள். ஒரு டெசிபல் கூடுதலாக ஒலிக்கும் ஸ்பீக்கரே நமக்கு நல்ல ஸ்பீக்கராகத் தோன்றும். காதின் சுபாவம் அப்படி. போனில் ஒலி அளக்கும் செயலி ஒன்றைத் திறந்து வைத்தால் ஓரளவு சமமாக்கிவிடலாம்.

முதலில் பேச்சைப் போடுங்கள். மனிதக் குரல் எப்படி இருக்கும் என்று நம் எல்லோருக்கும் தெரியும். மூக்கடைத்தாற்போல, பானைக்குள்ளிருந்து வருவதுபோல, ‘ஸ’ எல்லாம் ஊசியாகக் குத்துவதுபோல இருந்தால் அந்த மாடலை விட்டுவிடலாம். அப்புறம் எதையும் ஒலிக்கவிடாமல் மானிட்டரை மட்டும் ஆன் செய்து, உட்காரப்போகும் தூரத்தில் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். விலை குறைந்தவற்றில் லேசாக ‘ஸ்ஸ்’ என்று வருவது சகஜம். உயர்ந்த ஒலிகளைத் தரும் சின்ன ட்வீட்டரில் காதை வைத்தால் கேட்பது பரவாயில்லை. நாற்காலியில் இருந்தே கேட்டால் அமைதியான ராத்திரி வேலையில் எரிச்சலாகும்.

படி 5: எதைப் பார்க்கலாம்

குரலும் நடுப்பகுதியும் முக்கியம் என்றால் எச்.எஸ்.5. தலையை இப்படி அப்படி நகர்த்தினாலும் ஒலி அதிகம் மாறக்கூடாது என்றால் ஜே.பி.எல். 305பி. ஸ்பீக்கரை மேஜைமேல்தான் வைக்க முடியும், சுவரோரம்தான் வைக்க முடியும் என்கிறவர்களுக்குக் காலி ஆடியோ எல்.பி.6 பொருத்தம், எங்கே வைத்திருக்கிறீர்கள் என்பதற்கேற்பப் போட்டுக்கொள்ளப் பின்னால் சுவிட்சுகள் உண்டு, ஆனால் அது 6.5 இன்ச், மேஜையில் இடத்தை அடைக்கும். இன்னும் கொஞ்சம் செலவழிக்கலாம் என்றால் ஆடம் டி5வி.

இவற்றில் எதை எடுத்தாலும் குடி முழுகிவிடாது. மொத்தப் பணத்தையும் ஸ்பீக்கரிலேயே கொட்டாமல் ஸ்டாண்டு, கேபிள், ஒலியை உறிஞ்சும் பலகைகளுக்கு ஒரு பங்கை ஒதுக்குங்கள். ஒரு படி குறைந்த மானிட்டரும் நாலு பலகையும் சேர்ந்தால், வெறும் அறையில் வைத்த உயர்ந்த மானிட்டரைத் தோற்கடிக்கும்.

படி 6: வைப்பதில்தான் விஷயமே இருக்கிறது

அறை நீளவாக்கில் இருந்தால், நீளம் குறைந்த சுவரைப் பார்த்தபடி மேஜையைப் போடுங்கள். இடது, வலது சுவர்கள் மேஜையிலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். ஒரு பக்கம் சுவரும் மறுபக்கம் திறந்த கதவுமாக இருந்தால் ஒலி ஒரு பக்கம் சாயும்.

இப்போது ஒரு நூல் எடுங்கள். இரண்டு ட்வீட்டருக்கும் நடுவே உள்ள தூரத்துக்கு அதை வெட்டுங்கள், ஒரு மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதே நூல் ஒவ்வொரு ட்வீட்டரிலிருந்தும் உங்கள் தலைக்குச் சரியாக வந்து சேர வேண்டும். சமபக்க முக்கோணம். மானிட்டர்கள் உங்களைப் பார்த்துத் திரும்பி, ட்வீட்டர் காது மட்டத்தில் இருக்கட்டும். மேஜைமேல் அப்படியே வைத்தால் ட்வீட்டர் நெஞ்சைத்தான் பார்க்கும். ஸ்டாண்டு இல்லையென்றால் அடர்த்தியான நுரைப்பஞ்சு (ஃபோம்) கட்டையால் தூக்கிச் சற்று மேல்நோக்கிச் சாய்த்துவிடலாம்.

மானிட்டருக்குப் பின்னால் உள்ள சுவரிலிருந்து எவ்வளவு தூரம்? எவ்வளவு தள்ளினாலும் நல்லது என்று சொல்வார்கள். சின்ன அறையில் அது சரிவராது. ஸ்பீக்கருக்குப் பின்னால் போன ஒலி சுவரில் பட்டுத் திரும்பி வந்து, நேராக வரும் ஒலியோடு மோதி ஒரு அதிர்வெண்ணை அழித்துவிடும். எந்த அதிர்வெண் என்று தெரிய, 86-ஐ மானிட்டரின் முன்முகத்துக்கும் சுவருக்கும் உள்ள தூரத்தால் வகுங்கள். ஒரு மீட்டர் என்றால் 86 ஹெர்ட்ஸ், அரை மீட்டர் என்றால் 172. டிரம்ஸ், பேஸ், ஆண் குரலின் அடிப்பகுதி எல்லாம் குடியிருக்கும் இடம் அது. இப்படி விழும் குழியை ஈக்வலைசரில் தூக்கி நிரப்பவும் முடியாது. கூட்டக் கூட்ட எதிரொலியும் சேர்ந்து கூடும். பதிலாகச் சுவருக்குப் பக்கமாகவே வையுங்கள், முன்முகம் 30 சென்டிமீட்டரில் இருக்கட்டும். குழி 285 பக்கம் ஏறிப்போய்விடும். அந்த உயரத்தில் ஸ்பீக்கர் பின்னால் விடும் ஒலியே குறைவு, சுவரில் ஒரு தடித்த பலகை மாட்டினால் அடங்கிவிடும். சுவர் கூட்டிய பேஸைப் பின்சுவிட்சில் குறைத்துக்கொள்ளலாம். மூலை மட்டும் கூடவே கூடாது.

அடுத்தது பக்கச் சுவர். நீங்கள் நாற்காலியில் உட்காருங்கள், இன்னொருவர் கண்ணாடியைச் சுவரோடு ஒட்டி மெல்ல நகர்த்தட்டும். எந்த இடத்தில் கண்ணாடிக்குள் ட்வீட்டர் தெரிகிறதோ அங்கே பலகை மாட்டுங்கள். ராக்வூல் அல்லது கண்ணாடிக் கம்பளி, 10 சென்டிமீட்டர் தடிமன், துணி சுற்றியது. முட்டை அட்டை பேஸை ஒன்றும் செய்யாது, சுவரில் ஒட்டி அழகு பார்க்கலாம். கண்ணால் பார்த்துச் சரிசெய்தது போதாது என்று தோன்றினால், ரூம் ஈக்யூ விஸார்ட் என்ற இலவச மென்பொருளும் ஒரு அளவீட்டு மைக்கும் இருந்தால் அறை செய்யும் சேட்டை எல்லாம் வரைபடமாக வந்துவிடும்.

படி 7: இணைத்து, சோதித்து, சத்தத்தைக் குறித்துவையுங்கள்

கணினியின் ஒலியை மானிட்டருக்குக் கொடுக்கும் பெட்டியான ஆடியோ இன்டர்ஃபேஸிலிருந்து பேலன்ஸ்டு கேபிளில் இணையுங்கள். கணினி, இன்டர்ஃபேஸ், மானிட்டர் மூன்றுக்கும் ஒரே மின் பலகையிலிருந்து இணைப்புக் கொடுத்தால் ‘ம்ம்’ என்ற ரீங்காரம் வர வாய்ப்புக் குறைவு. ஆன் செய்யும்போது மானிட்டர் கடைசியாக, அணைக்கும்போது முதலில். இல்லாவிட்டால் ‘டப்’ என்று ஒரு அடி ட்வீட்டருக்குப் போகும்.

மோனோவில், அதாவது இரண்டு பெட்டியிலும் ஒரே ஒலி வரும்படி, ஒரு குரலைப் போடுங்கள். அது இரண்டு பெட்டிக்கும் நடுவே, திரைக்குப் பின்னால் ஒருவர் நிற்பதுபோல வர வேண்டும். நடுவில் நிற்காமல் எங்கெங்கோ பரவி, பேஸும் மெலிந்திருந்தால் ஒரு கேபிளில் முனை மாறியிருக்கிறது. ஒயரில் தொங்கும் ஜோடிகளில் சிவப்பு கறுப்பு மாறிப்போவது சர்வ சாதாரணம்.

சத்தத்தைப் பொறுத்தவரை, குறைவாக வைத்தால் காதுக்குப் பேஸ் குறைந்து தெரியும், அதிகமாக வைத்தால் எல்லாமே நன்றாக இருப்பதாகத் தோன்றும். சின்ன அறைக்கு 75 டெசிபல் அளவு நல்ல நடுநிலை. பக்கத்தில் இருப்பவரோடு கத்தாமல் பேச முடியும். 85-இல் நாள்பூராவும் வேலை செய்தால் காதுக்கே கேடு. அந்த 75 வரும் இடத்தில் இன்டர்ஃபேஸ் நாப்பில் ஒரு துண்டு டேப் ஒட்டி, மிக்ஸ் முடிவுகளை எல்லாம் அங்கேயே எடுங்கள். முதல் சில நாட்கள் சொந்த மிக்ஸைத் தொடாமல் பிடித்த பாட்டுகளை மட்டும் அந்த அளவில் கேட்டுக்கொண்டிருங்கள். உங்கள் அறையில் சரியான பேஸ் எவ்வளவு இருக்கும் என்று காது பழகிய பிறகு வேலையை ஆரம்பிக்கலாம்.