பழைய ஸ்லைடில் டயாட்டம்: படமெடுக்கும்போதும் பெயரிடும்போதும் நேரும் பிழைகள்

டயாட்டம் என்பது சிலிக்கா ஓடுடைய, நுண்ணிய ஒற்றைச்செல் பாசி. அதைப் பதித்த 19ஆம் நூற்றாண்டு நுண்ணோக்கி ஸ்லைடு ஒன்று கிடைத்ததும் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைப்பவர்கள் உண்டு. அதைச் செய்யவே கூடாது. கவர் கண்ணாடியைச் சுற்றியுள்ள வளையம் அரக்கு வார்னிஷாக இருந்தால் ஆல்கஹாலில் கரைந்துவிடும். உள்ளே இருக்கும் பால்சம் என்ற மரப்பிசினுக்கு சைலீன் என்ற கரைப்பான் ஆகாது. வாய்க்காற்றை ஊதி, உலர்ந்த மென்துணியால் கண்ணாடியின் நடுப்பகுதியை மட்டும் துடையுங்கள். லேபிளில் ஈரம் படக்கூடாது.

அடுத்த தவறு, டயாட்டம் எதில் பதிக்கப்பட்டிருக்கிறது என்று பாராமல் கவர் கண்ணாடிமேல் எண்ணெய்த் துளி விட்டுப் பார்க்கும் 100x எண்ணெய் லென்ஸுக்கு நேரே போவது. சில ஸ்லைடுகளில் கண்ணாடிக்கு அடியில் வெறும் காற்றுதான். வளையத்தில் மயிரிழை விரிசல் இருந்தாலும் எண்ணெய் உள்ளே ஊர்ந்துவிடும். பிறகு அதை எடுக்க வழியில்லை. இவற்றுக்கு உலர் லென்ஸே சரி. என்.ஏ. (லென்ஸ் எவ்வளவு அகலமான கோணத்தில் ஒளியை வாங்கும் என்பதைக் காட்டும் எண்) 0.95 உள்ள லென்ஸில், கவர் கண்ணாடியின் தடிமனுக்கு ஏற்பத் திருகும் திருத்த வளையம் இருந்தால் கட்டாயம் திருகிச் சரிசெய்யுங்கள். பழைய கவர் கண்ணாடிகள் எல்லாம் 0.17 மி.மீ. தடிமனில் இருப்பதில்லை. 0.02 மி.மீ. மாறினாலே படம் பால் படிந்ததுபோல் மங்கும்.

கனடா பால்சத்தில் பதித்தவற்றில் சிக்கல் வேறு. ஓட்டின் சிலிக்காவுக்கு ஒளிவிலகல் எண் சுமார் 1.43, பால்சத்துக்கு 1.53. வித்தியாசம் குறைவு என்பதால் ஓடு வெளிறித் தெரியும். உடனே கண்டென்சர் (ஸ்லைடுக்குக் கீழிருந்து ஒளியைக் குவிக்கும் லென்ஸ்) துளையை இறுக்க மூடுகிறார்கள். விளிம்பு கறுத்து எடுப்பாகும், ஓட்டின்மேல் உள்ள நுண்வரிகளோ காணாமல் போகும்! துளையை மூன்றில் இரண்டு பங்குக்குக் கீழே குறைக்காமல், ஒளியைச் சாய்வாக விட்டுப் பாருங்கள்.

வரிகளை எண்ணுவதில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். 0.01 மி.மீ. பிரிவுள்ள மைக்ரோமீட்டர் ஸ்லைடை ஒவ்வொரு லென்ஸிலும், அதே கேமராவில் படமெடுத்து அளவுகோலை வகுக்க வேண்டும். லென்ஸில் பொறித்த 40x என்ற எண்ணை வைத்துக் கணக்கிட்டால் பிழைதான் வரும். வரிகளை ஓட்டின் நடுவில் 10 மைக்ரானுக்கு எண்ணுங்கள். பல இனங்களில் நுனியில் அவை நெருங்கிவிடும். ப்ளூரோசிக்மா ஆங்குலேட்டத்தில் 18 முதல் 22 வரை இருக்கும், ஆம்ஃபிப்ளூரா பெல்லூசிடாவில் சுமார் 37 முதல் 40 வரை. என்.ஏ. 0.65 லென்ஸ், பச்சை ஒளியில் பிரித்துக் காட்டுவது ஏறக்குறைய 0.42 மைக்ரான் இடைவெளி வரைதான். அதாவது 10 மைக்ரானில் 24 வரிகள். அந்த லென்ஸில் ஆம்ஃபிப்ளூராவைப் பார்த்து ‘வரிகள் இல்லை’ என்று குறிப்பெழுதுவது லென்ஸின் குறையை உயிரியின் மேல் சுமத்துவதாகும்.

பல ஃபோகஸ் படங்களை ஒட்டி ஒன்றாக்கும்போதும் கவனம் தேவை. ஒரு டயாட்டத்தின் மேல், கீழ் ஓடுகள் இரண்டும் பிரியாமல் இருந்தால் மேல், கீழ் வரிகள் கலந்து, இயற்கையில் இல்லாத ஒரு வலைப்பின்னல் உருவாகும். ஓட்டிலுள்ள நுண்துளைகளும் ஃபோகஸ் மாற மாற வெண்புள்ளியாகவும் கரும்புள்ளியாகவும் மாறித் தெரியும். பக்கவாட்டில் கிடக்கும் ஓட்டை மட்டும் வைத்துப் பெயரிட வேண்டாம்.

லேபிளில் உள்ள பெயரை அப்படியே நம்பவும் கூடாது, அழிக்கவும் கூடாது. அன்றைய நாவிகுலா ராம்பாய்டஸ் பின்னர் ஃப்ரஸ்டூலியா பேரினத்துக்கு மாற்றப்பட்டது. அழகுக்காக அடுக்கிய ஸ்லைடுகளில் பல ஊர் ஓடுகள் சேர்ந்திருக்கலாம். அவற்றை வைத்து ஊர் சொல்ல முடியாது. லேபிளின் படம், லென்ஸின் என்.ஏ., அளவுகோல், மேல் ஓட்டின், பல ஃபோகஸ்களை ஒட்டாத தனிப் படம் ஆகிய நான்கையும் ஒரே கோப்பில் வையுங்கள்.