ரைஃபிள் குழலைச் சுத்தம் செய்கிறோமா, தேய்க்கிறோமா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

.308 ரைஃபிளின் (எண், குண்டின் விட்டம் அங்குலத்தில்) குழலுக்குள் சுழன்று ஓடும் பள்ளங்களின் ஆழம் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர். ஒரு தாளின் தடிமன்தான். குண்டைச் சுழலவைத்து நேராகப் போகவைப்பது இந்தத் தாளளவு ஆழமும், குழல் வாயின் உள்விளிம்பும்தான். சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று கம்பியை உள்ளே விட்டு முன்னும் பின்னும் இழுப்பவர்கள் இந்த அளவை ஒருமுறை யோசித்துப் பார்த்தால் கை தானாக மெதுவாகும். பராமரிக்காமல் துருப்பிடித்துப் போன குழல்கள் உண்டுதான். ஆனால் அளவுக்கு மீறிய அக்கறையால் தேய்ந்துபோனவையும் குறைவில்லை.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. மேகசின் என்ற தோட்டாப் பெட்டியைக் கழற்றி, பின்பக்கத்தை மூடும் போல்ட்டைத் திறந்து, தோட்டா அமரும் சேம்பர் காலியாக இருக்கிறதா என்று கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டுப் பாருங்கள். தோட்டாக்கள் நீங்கள் வேலை செய்யும் அறையிலேயே இருக்க வேண்டாம். "காலிதான், எனக்குத் தெரியும்" என்பவரின் துப்பாக்கியைத்தான் முதலில் சோதிக்க வேண்டும்.

பெரிய தவறு, குழல் வாய் வழியாகக் கம்பியை விடுவது. குண்டு கடைசியாகத் தொட்டுவிட்டுப் போகும் இடம் அந்த வாயின் விளிம்பு. கிரவுன் என்பார்கள். அது ஒரு பக்கம் மட்டும் கொஞ்சம் தேய்ந்தாலும், பின்னால் வரும் வாயு அந்தப் பக்கமாக ஒரு கணம் முந்தி வெளியேறி, குண்டின் அடிப்பாகத்தைத் தள்ளிவிடும். குழலின் உள்பக்கம் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் குறி சிதறும். எம்1 கேரண்ட் போன்ற பழைய ராணுவ ரைஃபிள்களில் பின்பக்கத்திலிருந்து நேராகக் கம்பி விட வழியில்லை. அதனால் வாய்ப்பக்கமாகவே துடைத்துத் துடைத்து, அதிகம் சுடாமலேயே வாய் அகன்றுபோன குழல்கள் அவற்றில் சகஜம்.

போல்ட்டைக் கழற்ற முடிந்த ரைஃபிள் என்றால் எப்போதும் சேம்பர் பக்கமிருந்தே தொடங்குங்கள். அந்த இடத்தில் போர் கைடு என்ற சிறு குழாயைப் பொருத்தினால் கம்பி நடுவிலேயே போகும். கரைப்பான் வழிந்து டிரிகருக்குள்ளும் மரக்கட்டைக்குள்ளும் இறங்காமல் இருப்பதும் இதனால்தான். கழற்றவே முடியாத வகை என்றால் வாயில் பொருத்தும் கைடு வாங்கலாம், அல்லது சேம்பரிலிருந்து கயிறு விட்டு வாய்ப்பக்கம் இழுக்கலாம். கயிறுதானே, அது என்ன செய்யும் என்று நினைக்க வேண்டாம். மணலும் கரியும் படிந்த கயிற்றைக் கோணலாக இழுத்து இழுத்து, வாயில் பள்ளமே விழுந்த பழைய .303 ரைஃபிள்கள் உண்டு. நேராக இழுக்க வேண்டும், கயிற்றை அவ்வப்போது துவைக்கவும் வேண்டும்.

அடுத்தது கம்பி. மூன்று நான்கு துண்டுகளைத் திருகிச் சேர்க்கும் மலிவான அலுமினியக் கம்பியைப் பலரும் பாதுகாப்பானது என்று நம்புகிறார்கள். எஃகை விட மென்மையான உலோகம், அதனால் கீறாது என்பது அவர்கள் கணக்கு. நடப்பது வேறு. மென்மையான உலோகத்தில் கரித்துகளும் தூசியும் பதிந்துவிடும், பிறகு அந்தக் கம்பி உப்புத்தாள் சுற்றிய குச்சியாகத்தான் வேலை செய்யும். போதாததற்கு இணைப்புகளில் இருக்கும் படிகள் குழலின் சுவரில் உரசும், அழுத்தினால் நடுவில் வளையும். ஒரே துண்டாக இருக்கும் எஃகுக் கம்பியோ, மேலே பிளாஸ்டிக் பூச்சு கொடுத்ததோ வாங்குங்கள். எதுவானாலும் ஒவ்வொரு முறை வெளியே வரும்போதும் ஒரு துணியால் துடைத்துவிடுங்கள்.

கைப்பிடி தானாகச் சுழல வேண்டும் என்பதையும் பார்த்து வாங்குங்கள். 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று பள்ளம் ஓடினால், 24 அங்குலக் குழலைக் கடப்பதற்குள் பிரஷ் இரண்டு சுற்றுக்கு மேல் சுற்றியிருக்க வேண்டும். கைப்பிடி சுழலாவிட்டால் பிரஷ் பள்ளத்தோடு போகாமல் மேடுகளின் மேல் குறுக்கே சறுக்கும். பள்ளத்து மூலைகளில் இருக்கும் அழுக்கு அங்கேயே இருக்கும்.

பிரஷ்ஷில் வெண்கலமும் நைலானும் போதும். எஃகு பிரஷ்ஷைக் குழலுக்குள் விடவே விடாதீர்கள். வெண்கல பிரஷ்ஷைப் பாதியில் நிறுத்தித் திருப்பி இழுக்கவும் கூடாது. அதன் இழைகள் ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் உள்ளே போகின்றன. நடுவில் திருப்பினால் வளைந்து மாட்டிக்கொள்ளும். முழுதாக வெளியே தள்ளிவிட்டு, பிறகு நிதானமாக உள்ளே இழுங்கள். கிரவுன் மேல் ரொம்ப அக்கறை உள்ளவர்கள் வெளியே வந்த பிரஷ்ஷைக் கழற்றிவிட்டுக் கம்பியை மட்டும் இழுப்பார்கள். எனக்கு அது கொஞ்சம் அதிகப்படியாகத் தோன்றினாலும், தப்பு என்று சொல்ல மாட்டேன்.

சரி, எதைத்தான் அகற்றுகிறோம்? வெடிமருந்தின் கரி, குண்டின் மேலுறையிலிருந்து ஒட்டிய செம்பு, உறையில்லாத குண்டானால் ஈயம். மூன்றுக்கும் மருந்து வேறு. கையில் இருக்கும் ஒரு எண்ணெயை விட்டு மூன்றையும் தேய்த்தே எடுக்கப் பார்ப்பதுதான் குழலைக் கெடுக்கும் இன்னொரு வழி. டபிள்யூடி-40 ஈரத்தை விரட்ட நல்லது, ஆனால் செம்பைக் கரைக்காது. முதலில் கரிக்கான கரைப்பானில் நனைத்த துணித்துண்டை விட்டு, பத்து நிமிடம் சும்மா இருங்கள். உழைக்க வேண்டியது கரைப்பான்தான், உங்கள் தோள் அல்ல. முதல் துணி கறுப்பாக வரும், அப்புறம் சாம்பல் நிறம். அதன் பிறகு செம்புக் கரைப்பான். துணியில் நீலமோ நீலப்பச்சையோ தெரிந்தால் செம்பு கரைகிறது என்று பொருள்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். செம்பைக் கரைக்கும் அம்மோனியா பித்தளையிலும் வெண்கலத்திலும் இருக்கும் செம்பையும் விட்டுவைக்காது. கம்பி நுனியில் துணியைப் பிடிக்கும் பித்தளை ஜேக், வெண்கல பிரஷ் இரண்டுமே துணியை நீலமாக்கும். குழல் சுத்தமாகிவிட்ட பிறகும் நீலம் வருகிறதே என்று மணிக்கணக்கில் தேய்ப்பார்கள். இந்தக் கட்டத்தில் நைலான் பிரஷ்ஷும், நிக்கல் பூசிய அல்லது பிளாஸ்டிக் ஜேக்கும் பயன்படுத்தினால் குழப்பமே இல்லை. அம்மோனியா மிகுந்த கரைப்பானை இரவு முழுக்க ஊறவிடாதீர்கள், எஃகைப் பாதிக்கலாம். டப்பாவில் போட்டிருக்கும் நேரத்தோடு நிறுத்துங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள், கையுறை போடுங்கள். பிளீச் எதையும் இதன் பக்கத்தில் கொண்டுவராதீர்கள், நச்சு வாயு உண்டாகும். ஈயத்துக்கு வினிகரும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்து ஊற்றும் கைவைத்தியமும் வேண்டாம். ஈயம் அதில் லெட் அசிடேட்டாக மாறும், கொடிய நஞ்சு.

எவ்வளவு அடிக்கடி? ஒவ்வொரு முறை சுட்டதும் வெறும் எஃகு தெரியும்வரை எடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை. குறி நன்றாக விழும்வரை குழலைத் தொந்தரவு செய்யாமல் விடுபவர்களில் தேர்ந்த போட்டிக்காரர்களும் உண்டு. .22 ரிம்ஃபயரில் (அடிவிளிம்பில் அடித்து வெடிக்கவைக்கும் சிறு தோட்டா) மெழுகோ எண்ணெயோ பூசிய ஈயக்குண்டுகள் போகின்றன. பளிச்சென்று துடைத்த .22 குழல் மறுபடி நிலைக்கு வரச் சில தோட்டாக்களாவது ஆகும். அதில் கவனிக்க வேண்டியது சேம்பருக்குச் சற்று முன்னால் வளையமாகக் கெட்டிப்படும் கரி. இப்போது மலிவாகக் கிடைக்கும் போர்ஸ்கோப் கேமராவால் ஒரு தொல்லை: உள்ளே பார்த்தால் எல்லாக் குழலும் பயங்கரமாகத்தான் தெரியும். படத்தைப் பார்த்துப் பதறித் தேய்ப்புப் பசையை எடுக்காதீர்கள். குறி சிதறுகிறதா என்பதை இலக்குத் தாள் சொல்லட்டும்.

விதிவிலக்கு, பழைய ராணுவத் தோட்டாக்கள். அவற்றில் பலவற்றில், வெடிமருந்தைப் பற்றவைக்கும் பிரைமர் எரிந்ததும் பொட்டாசியம் குளோரைடு உப்பு படியும். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சி, ஓரிரு நாளிலேயே துருவைக் கிளப்பும். எண்ணெய் உப்பைக் கரைக்காது, தண்ணீர்தான் கரைக்கும். சுட்ட அன்றே சுடுநீர் விட்டுக் கழுவி, நன்றாகக் காயவைத்து, பிறகு எண்ணெய் பூசுங்கள்.

எண்ணெயும் மெல்லிய படலமாக இருந்தால் போதும். சொட்டச் சொட்ட விட்டு வாயை மேலே நிமிர்த்தி வைத்தால் அத்தனையும் பின்னால் இறங்கி டிரிகரையும் மரத்தையும் ஊறவைக்கும். அடுத்த முறை சுடுவதற்கு முன் உலர்ந்த துணியால் ஒருமுறை துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் முதல் குண்டு எங்கோ போகும். துடைத்த பிறகு, போல்ட் வெளியே இருக்கும்போதே சேம்பர் பக்கமிருந்து வெளிச்சத்தை நோக்கிக் குழலைப் பாருங்கள். ஜேக்கிலிருந்து கழன்ற ஒரு துணித்துண்டு உள்ளே சிக்கியிருந்து அதன் பின்னால் குண்டு வந்தால், குழல் வீங்கலாம், வெடிக்கவும் செய்யலாம்.